கஞ்சிக்குழாயில் எறும்பு

பதினெட்டு நாள் என் வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. எல்லாம் மூக்கு வழி. வலது மூக்கில் ஒரு மெல்லிய குழாய். அது தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குப் போகிறது. வெளியே தொங்கும் நுனியில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைச் செருகி என் மனைவி ஜமீலா கஞ்சி ஊற்றுவாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கஞ்சி இறங்கும், வயிறு வெதுவெதுப்பாகும், நாக்குக்கு மட்டும் சேதி போகாது. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத ஆள் மாதிரி அது வாய்க்குள் சும்மா கிடக்கும்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எனக்கு மலைச்சரக்குக் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற புளி, கடுக்காய், சாமை, தேன். சர்க்கரை நோய் பதினோரு வருஷமாக. மாத்திரை தின்பேன், மறப்பேன், மறந்ததையும் மறப்பேன். கூட்டமில்லாத நேரத்தில் பில் புத்தகத்தின் முதுகில் எதையாவது கிறுக்கும் பழக்கம் உண்டு. வாய் பூட்டிக் கிடந்த நாட்களில் அந்தக் கிறுக்கல்தான் என் பேச்சாயிற்று. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இப்படிப் படுத்திருப்பவர்களும், அவர்கள் தலைமாட்டில் சிரிஞ்சோடு நிற்பவர்களும் படிக்கட்டும்.

ஆரம்பம் ஒரு கடைவாய்ப் பல். கீழ்வரிசையில், வலது பக்கம், கடைசி. ஒரு மாதம் கிராம்பை வைத்து அதை ஏமாற்றினேன். அப்புறம் அது என்னை ஏமாற்றியது. புளி சீசன், கடையை விட்டு நகர முடியாது. ஒரு காலைப் பொழுதில் ஓடிப்போய்ப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தேன். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“சுகர் இருக்கா பாய்?”

“இருந்துச்சி சார். இப்ப கம்மி.”

இருக்கிறது என்று சொன்னால் ரத்தம் பார்த்துவிட்டு வா என்பார். அதற்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். அன்றைக்கே பல் போகவேண்டும் என்பது என் அவசரம். இந்த நோயில் என் பங்குக்கு நான் சொன்ன இரண்டு பொய்களில் இது சின்னது. பெரியதற்கு வருகிறேன்.

பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. நான்காம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழையவில்லை. ஐந்தாம் நாள் எச்சில் விழுங்குவதே முள் விழுங்குவதாக இருந்தது. ஜமீலா கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். ஆட்டோவில் என்னை ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் ஆட்டோ குலுங்க, என் தாடை தனியாக ஒரு பிராணி போலத் துடித்தது.

வாய், தாடை அறுவை செய்யும் டாக்டரம்மா எங்களைவிடப் பத்து வயது இளையவர். தாடைக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினார். நான் கத்தினேன், கத்தல் வெளியே வரவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நானூற்று முப்பத்தெட்டு.

“பல்லு எடுத்த குழி வழியா சீழ் கீழ இறங்கி எலும்புல ஏறியிருக்கு,” என்றார். “சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா, கிருமியோட சண்டை போடற அணுக்கள் சோம்பேறி ஆயிடும். சீழ் சர்க்கரையை ஏத்தும், சர்க்கரை சீழை ஏத்தும். ரெண்டையும் ஒண்ணா இறக்கணும்.”

மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ஒரு நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றலாம். அதை ஏமாற்ற முடியாது. அதன் முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: “மூணு மாசமா உங்க ரத்தம் ஜீரா மாதிரி ஓடியிருக்கு.” இனிப்பு விற்கிறவனிடம் சொன்ன மாதிரியே இருந்தது.

மறுநாள் தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்கள். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். மிச்சம் வடிய ஒரு ரப்பர்க் குழாயை அங்கே விட்டார்கள். சாப்பாடு புண்ணில் படக்கூடாது என்று மூக்கில் இன்னொரு குழாய். எனக்கு இரண்டு வாசல்கள் கிடைத்தன. ஒன்றில் கஞ்சி உள்ளே, இன்னொன்றில் சீழ் வெளியே.

வெளியே பெஞ்சில் ஜமீலா நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, யாரென்றே தெரியாதவள், தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி இட்லியை இவள் கையில் வைத்தாளாம். “துன்னு தாயி, நீ விழுந்துட்டா அவர யாரு தூக்கறது?” இதை ஜமீலா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழுவாள்.

சீழ் போனதும் சர்க்கரை தானாக இறங்கும் என்றார்கள். இறங்கியது. முதல் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. மறுநாள் இருநூற்று நாற்பது. அன்றைக்கு மலையிலிருந்து கோவிந்தன் வந்தான். கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, வெள்ளிமலைக்கும் அப்பால் அவன் ஊர். பதினைந்து வருஷமாக அவன் எடுக்கிற தேன்தான் என் கடையில். கட்டிலோரம் நின்று என் முகத்தைப் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்தான்.

“எந்திரிச்சி வா பாய். இந்த வருசம் நாவல் பூ அப்பிடிப் பூத்துச்சி. நீ வந்து பாக்கணும்.”

சாமை அரிசி கொண்டுவந்திருந்தான். ஒரு துணிப்பையை ஜமீலாவிடம் நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து வீட்டுக் கஞ்சி. சர்க்கரை போடாமல் நீர்க்கக் கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஜமீலா சாமையை வேகவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, பிளாஸ்கில் கொண்டுவருவாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் முன் விரலில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு இன்சுலின். எண்கள் திரும்பிப் பார்க்காமல் ஏறின. முந்நூற்றுப் பத்து. முந்நூற்று அறுபத்தைந்து. இன்சுலின் அளவைக் கூட்டினார்கள். நானூற்றிரண்டு.

டாக்டரம்மா ஜமீலாவை நிற்கவைத்துக் கேட்டார்.

“கஞ்சியில சர்க்கரை போடறீங்களா?”

“அல்லா மேல ஆணையா ஒரு சிட்டிகை போடலீங்க.”

“வெல்லம்? பழ ஜூஸ்? இளநீர்?”

“இல்லீங்க மேடம். சாமைங்க. மல மேல வெளைஞ்சதுங்க. உப்புகூட கம்மியாத்தான் போடறேன்.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தபடியே என்னிடம் பேசினார்:

“கஞ்சியில ஒண்ணும் இல்லன்னா, எலும்புக்குள்ள இன்னும் சீழ் இருக்குன்னுதான் அர்த்தம். இந்த இடம் எனக்குச் சந்தேகமா இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சர்க்கரை இறங்கலன்னா வலது பக்கக் கீழ்த்தாடையை எடுத்துடணும். விட்டா கழுத்துக்குப் போவும், நெஞ்சுக்குப் போவும்.”

அன்று புதன்கிழமை. நோட்டில் ஒரே சொல் எழுதிக் காட்டினேன்: பேச்சு?

“வரும். பழைய மாதிரி இருக்காது.”

அவர் போன பிறகு கையால் என் தாடையைத் தொட்டுப்பார்த்தேன். ஐம்பத்தோரு வருஷம் என்னோடு இருந்த எலும்பை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. காதுக்குக் கீழே தொடங்கி, வீக்கத்துக்குள் மறைந்து, முகவாயில் வெளிவருகிறது. மலைப்பாதை போல ஒரு வளைவு. இதைத் திறந்துதான் நான் நிக்காஹ்வுக்குச் சம்மதம் சொன்னேன். இதை அசைத்துத்தான் சந்தையில் விலை கூவினேன், கோவிந்தனோடு சண்டை போட்டேன், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது உதடு கடித்து நின்றேன். பாதியை வெட்டிவிட்டால் முகம் உள்ளே சரியும். எச்சில் வழியும். கடையில் என்னைப் பார்த்துக் குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் ஒளியும். யா அல்லா, காலை எடு, கண்ணை எடு, நான் வாயால் பிழைக்கிறவன் என்று எழுதினேன். எழுதியதைக் கிழித்தேன். கிழித்ததை எங்கே போடுவதென்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

வார்டில் துப்புரவு வேலை பார்ப்பவர் செல்வி. வாய் ஓயாது. “ஜமீலாக்கா குடுத்து வெச்சவங்க,” என்பார் பக்கெட்டை இழுத்துக்கொண்டே. “புருசன் எதுத்துப் பேசாம நோட்ல எழுதிக் காட்டறாரு. எங்க வூட்டு ஆளுக்கும் ஒரு கொழாய் சொருவ முடியுமான்னு டாக்டரக் கேக்கணும்.” அந்த நாட்களில் நான் சிரித்தது அவரிடம் மட்டும்தான், அதுவும் மூக்கு வழியாக.

வியாழக்கிழமை மத்தியானம் ஜமீலா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். செல்வி என் கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியைத் துடைக்க வந்தார். கையை உதறினார்.

“இன்னா பாய் இது, சிரிஞ்சு பூரா எறும்பு மொய்ச்சிகினு கெடக்குது!”

திரும்பிப் பார்த்தேன். சிரிஞ்சில் ஒரு கரிய கோடு. சுவரிலிருந்து இறங்கி, அலமாரி ஏறி, என் மூக்குக் குழாயின் நுனிவரைக்கும் வந்துவிட்டது.

என்னைத் தேடித்தான் வந்திருக்கின்றன என்று நினைத்தேன். சர்க்கரைக்காரன் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டாக்டருக்கு முன்னால் இவற்றுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க ஜீரா. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழாய் வழியே ஏறி உள்ளே வரும். வரட்டும், தின்று தீர்க்கட்டும் என்று கையைக்கூட ஆட்டாமல் கிடந்தேன்.

செல்விதான் விடவில்லை. “பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் சுகர்தான். அவுருக்கும் கொழாய்தான். அங்க ஒரு எறும்பு இல்லியே? இன்னாத்த ஊத்தறாங்க உனக்கு?”

எழுந்து உட்கார்ந்தேன். எறும்பு என் தோலில் இல்லை. சீழ்க் குழாயில் இல்லை. கஞ்சி போகிற வழியில் மட்டும்தான். சிரிஞ்சை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டு, அடியில் தங்கியிருந்த ஒரு சொட்டை விரலில் இறக்கினேன். பற்களுக்கு நடுவே ஒரு நகத்தளவு இடைவெளி இருந்தது. அதற்குள் விரல் நுனியைத் திணித்து நாக்கில் தேய்த்தேன்.

ஒன்பது நாளைக்குப் பிறகு ருசி. நாக்கு திடுக்கிட்டு எழுந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்ணில் நீர் வந்தது. இனிப்பு, இனிப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் துவர்ப்பு, துவர்ப்புக்குப் பின்னால், தொண்டைக்குப் போகும் முன் மறைகிற ஒரு கசப்பு. இந்தத் தேன் எந்தப் பூவில் எடுத்தது, எந்தச் சரிவில் எடுத்தது என்று எனக்குத் தெரியும். என் கடைத் தேன். நாவல் பூத்தேன்.

இப்போது அந்தப் பெரிய பொய்.

நாவல் பூத்தேன் சுலபத்தில் விற்காது. துவர்ப்பு இருப்பதால், கலப்படமோ என்று வாங்குகிறவர்கள் உதட்டைச் சுளிப்பார்கள். பல வருஷம் முன்பு பாட்டில்கள் தேங்கிக் கிடந்த ஒரு நாளில் ஒருவரிடம் சொன்னேன்: “நாவக் கொட்ட சக்கரைக்கு மருந்துன்னு தெரியும்ல? அதே மரத்துப் பூவுல எடுத்த தேனுங்க இது. சக்கரக்காரங்க தாராளமா சாப்டலாம். ஏறாது.” சொன்ன வாயோடு ஒரு பாட்டில் போயிற்று. சாயங்காலம் இன்னொருவரிடம் சொன்னேன். அப்புறம் தினமும். அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவும் விட்டேன். ஆனால் ஒரு நாளும் அதில் ஒரு கரண்டி நான் தின்றதில்லை. எந்தப் பூவில் எடுத்தாலும் தேன் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும்.

ஜமீலா மருந்துப் பையோடு வந்தாள். நோட்டை நீட்டினேன்: கஞ்சியில் தேனா?

அவள் முகம் மலர்ந்தது. “கண்டுபுட்ச்சிட்டீங்களா! மூக்குல ஊத்துனாலும் யாவாரி யாவாரிதான். கோவிந்தன் பையில வெச்சிக் குடுத்தாரு, நாவப் பூத்தேனு. புண்ணும் ஆறும், தெம்பும் வரும். வேளைக்கு ரெண்டு கரண்டி. எப்பிடி எளச்சிட்டீங்க, பாக்கவே முடியல.”

எழுதினேன்: தேன் சர்க்கரைதான். ஏறும்.

“நாவத் தேனு ஏறாதே?”

எழுதினேன்: பொய்.

அந்த ஒரு சொல்லை, ஒரு முழுப் பக்கத்தைப் படிக்கிற நேரம் அவள் படித்தாள். “யாரு சொன்ன பொய்?” என்று கேட்டாள். நான் நெஞ்சில் கை வைத்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மருந்துப் பையை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள்.

“கல்லாவுல உக்காந்துகினு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நானும் பின்னால புளி கட்டிகினு கேட்டுகினுதான இருந்தேன். எனக்கு மட்டும் தனியா ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பேனாவை மூடி நோட்டுக்குள் செருகினேன்.

“என் கையாலயே ஊத்தியிருக்கேன்,” என்றாள். “இன்சுலின் ஒரு பக்கம் அவங்க குத்த, இன்னொரு பக்கம் நான் ஊத்தியிருக்கேன்.”

அவளே நடந்துபோய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “கேக்காதது என் தப்பும்தான்,” என்றார். பிறகு என் கட்டிலுக்கு வந்து: “இதுனாலதான் ஏறுச்சுன்னா இறங்கிடும். எலும்புனாலயும் ஏறுச்சுன்னா இறங்காது. சனிக்கிழமைங்கறது அப்படியே இருக்கட்டும். என்னால வேற எதுவும் சொல்ல முடியாது.”

வெள்ளிக்கிழமை முழுதும் ஜமீலா என்னோடு பேசவில்லை. நானும் பேச முடியாதவன். ஒவ்வொரு வேளையும் கஞ்சியில் ஒரு கரண்டியை என் கண்ணெதிரில் தானே குடித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை ஊற்றினாள். விரலில் குத்து. முந்நூற்று முப்பது. குத்து. இருநூற்று எண்பத்தொன்று. நர்ஸ் அந்தச் சின்ன மெஷினை எடுக்கும்போதெல்லாம் ஜமீலாவின் உதடுகள் துஆவில் அசையும். எண் வந்ததும் நிற்கும். சாயங்காலம் திரும்ப இருநூற்றுத் தொண்ணூற்றாறு. அந்த இடத்தில் நான் தாடைக்கு விடை கொடுத்துவிட்டேன். ஜன்னல் வழியே மலை தெரியாதா என்று பார்த்தேன். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை நூற்றுத் தொண்ணூற்றாறு.

டாக்டரம்மா என்னை மறுபடி மயக்கத்தில் கிடத்தித் திறந்து பார்த்தார். எலும்பின் விளிம்பை இன்னும் கொஞ்சம் சுரண்டினார். தாடையை விட்டுவைத்தார். நரம்பு ஒன்று போயிற்று. வலது கீழ் உதடு மரத்துவிட்டது. ப, ம, வ வரும் சொற்களில் வாயோரம் காற்று ஒழுகுகிறது.

குழாயை எடுத்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இது குணமான கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாடைக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இன்னும் மூடவில்லை. காலையில் பஞ்சை எடுத்தால் சில நாள் காய்ந்திருக்கிறது, சில நாள் ஈரமாக இருக்கிறது. ஈரமான நாளில் ஜமீலா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். பஞ்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கமாட்டாள். கஞ்சிதானே குடித்தோம் என்று இன்சுலினை விட்டால் ஏறுகிறது. ஊசியைப் போட்டுவிட்டு, வாய் வலிக்கிறதென்று கஞ்சியை விட்டால் இறங்குகிறது. ஒரு நாள் அப்படி அறுபத்திரண்டுக்கு இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டது. அன்றைக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான் காப்பாற்றியது. ஜாஸ்தியும் ஆளைத் தின்னும், கம்மியும் தின்னும். நடுவே ஒரு கயிறு, அதில் நடக்கிறேன்.

போன வாரம் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். வாசல் அட்டையை ஜமீலா முன்பே கழற்றியிருந்தாள். ஆணி மட்டும் இருந்தது. ரிஷிவந்தியத்து டெய்லர் வந்தார். எட்டு வருஷமாக மாதம் ஒரு பாட்டில் நாவல் பூத்தேன், அவர் மனைவிக்கு. கடைசியாக வாங்கிப்போன பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கையோடு கொண்டுவந்திருந்தார். அதிலேயே ஊற்றி வாங்குவது அவர் வழக்கம்.

“இன்னா பாய், மூஞ்சி ஒரு பக்கமா போச்சி? சரியாப்பூடும், கவலப்படாதீங்க.” பாட்டிலைக் கல்லா மேல் வைத்தார். “நானே மூணு மாசமா அலைஞ்சிகினுதான் கெடக்கறேன். அவளுக்குக் கால்ல கட்ட வெரல எடுத்துட்டாங்க. புண்ணு ஆறவே மாட்டேங்குது. சோத்த நிறுத்திட்டோம், டீயில சக்கரைய நிறுத்திட்டோம். இந்தத் தேன் ஒண்ணுதான் நாக்குக்கு. இதயாவது துன்னட்டும்னு குடுக்கறேன். ரெண்டு பாட்டிலா குடுங்க.”

பின்னால் புளி கட்டிக்கொண்டிருந்த ஜமீலாவின் கை நின்றது. அவள் நிமிரவில்லை. அந்தக் கை நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

என் வாய் இப்போது இரண்டு விரல் அளவுக்குத் திறக்கிறது.

“சர்க்கரை ஏறும்,” என்றேன். வாயோரம் காற்று ஒழுகியது.

“இன்னா பாய்? புரியல.”

“ஏறும். இந்தத் தேன். ஏறும். ஏறாதுன்னு நான் சொன்னது பொய்.”

மூன்றாம் முறை சொன்னபோது அவருக்குப் புரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் தாடைப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். எத்தனை மாதம் என்று எண்ணினாரோ என்னவோ, பாதியில் விட்டுவிட்டார். “அவ கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்,” என்றார். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. படியிறங்கிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தார். நன்றாகக் கழுவிய பாட்டில்தான், உள்ளே ஒரு சொட்டு இல்லை. மத்தியானத்துக்குள் அதைத் தேடி எறும்பு வந்துவிட்டது.